புகை வீட்டில் பிறந்த காடி

அன்று வெள்ளிக்கிழமை. கோயிலில் சாயங்காலப் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, எங்கள் தோட்டத்துப் பழைய புகை வீட்டிலிருந்து நீல நிறத்தில் புகை கிளம்பியது. ரப்பர் ஷீட் காய வைப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்ட கட்டடம் அது. அதிலிருந்து புகை வந்தால் தோட்டத்துச் சனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கற்பூரத் தட்டைக் கையில் ஏந்தியபடியே சிலர் ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்தவர் அந்தப் பையனின் தாயார்.

உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் என் பழைய மாணவன். மற்றவன் நான். சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்த கை என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மழுப்புவதாகத் தோன்றும்.

பையனின் பெயர் வேண்டாம். ரஹாங் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் சிறிய தமிழ்ப் பள்ளியில் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன். பள்ளி மணியின் மோட்டாரைக் கழற்றிப் பார்த்து, திரும்பப் பூட்டத் தெரியாமல் என்னிடம் அடி வாங்கியவன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு சிரம்பானில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு தீபாவளி விடுமுறையில் என்னிடம் வந்து, "சார், நான் ஒரு காடி செய்யறேன்" என்றான். காடி வாங்கப் போகிறான் என்றுதான் நான் காதில் வாங்கிக்கொண்டேன். புகை வீட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினான். சதுர இரும்புக் குழாய்களை வெட்டி, ஒட்டவைத்து, கட்டில் சட்டம் போல ஒன்றைச் செய்து நிறுத்தியிருந்தான். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். ஆசனத்துக்குப் பின்னால், ஒரு பழைய புரோட்டோன் சாகாவின் இஞ்சின், கியர் பெட்டியோடு சேர்த்து அப்படியே உட்கார்ந்திருந்தது. முன் சக்கரங்களைச் சுழற்ற வேண்டிய இஞ்சின் இப்போது பின் சக்கரங்களைச் சுழற்றக் காத்திருந்தது.

"எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அம்மாவின் சீட்டுப் பணமும் அதில் போயிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் தோட்டத்துக்கும் காலம் நெருங்கிவிட்டது. நிலம் கைமாறி, வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது என்று கடிதம் வந்தது. இது எங்களுக்கு மட்டும் வந்த கடிதமல்ல. நெகிரி செம்பிலானில் எத்தனையோ தோட்டங்கள் இப்படித்தான் வரைபடத்திலிருந்து காணாமல் போயின. லயத்துக் குடும்பங்களுக்கு அவகாசம் கிடைத்தது. ஆனால் புகை வீட்டை அந்த மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். பழைய இரும்பு வாங்கும் தௌக்கே ஒருவர் வந்து, சட்டத்தை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "நானூறு வெள்ளி, இஞ்சினோடு" என்றார். தானாக ஓடாத காடியை இழுத்துப்போய் வைக்க அவர்களுக்கு வேறு இடமில்லை. மாதக் கடைசிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

இரும்பு வேலை எல்லாம் முடிந்துவிட்டது. மீதி இருந்தது வயர் வேலை மட்டும். "மட்டும்" என்று அவன் சொன்னான், நானும் நம்பினேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு?" என்று லயத்தில் பலர் பேசினார்கள். அவர்களில் பாதிப் பேருடைய தாத்தாமார் சேலம், கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அதே கோயம்புத்தூரில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தது முதல் அதன் மேல் பைத்தியமாகி, ஓட்டலில் பரிமாறுகிற வேலை செய்து காசு சேர்த்து, அப்படி ஒன்றை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார், பிறகு பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்து, பெரிய போக்குவரத்து நிறுவனமாக அதை வளர்த்தார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த மின் மோட்டாரை வெளிக்கொண்டு வந்தார். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காடி ஒன்றை உருவாக்கினார். இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கலாம் என்பது கணக்கு. அரசாங்க உரிமம் கிடைக்காததால் அது தெருவுக்கு வராமலே போய்விட்டது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பொறியியல் படிப்பை நான்கு வருடம் இழுப்பது வீண், இரண்டு வருடம் போதும் என்று வாதாடியவரும் அவரே. ஆசிரியனான எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது. ஆனாலும் பள்ளி மணியைப் பிரித்தவனை அடித்தது நினைவுக்கு வரும்போது, அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

என் மாணவன் செய்த வேலைக்கு இன்னும் நெருக்கமான ஆள், அதே கோவையைச் சேர்ந்த கரிவரதன். ஆலை முதலாளிக் குடும்பத்துப் பிள்ளை. இவர் பணக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் பந்தயக் காடியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் நம் பிள்ளைகள் ஒருநாளும் பந்தயம் ஓட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 என்ற சின்னக் காடி இந்தியத் தெருக்களுக்கு வந்தது. 796 சிசி, மூன்றே சிலிண்டர். சந்தைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட என்று செய்த குடும்பக் காடி. கரிவரதன் அந்த இஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரும் ஒல்லியான பந்தயச் சட்டத்தில், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அதற்கு ஃபார்முலா மாருதி என்று பெயர். பக்கத்துத் தெரு போமனுக்கும் பழுது பார்க்கத் தெரிந்த இஞ்சின், எங்கும் கிடைக்கும் உதிரிச் சாமான். அதனால் செலவு சுருங்கியது, பல இளைஞர்கள் அதில் ஏறினார்கள். அப்படி ஏறியவர்களில் ஒருவர் கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த மார்ச் மாதம் நம் செப்பாங் மைதானத்திலும் ஓடினார். எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று பையன்கள் மோட்டார் சைக்கிளில் போய் வேலிக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தார்கள். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-இல் ஒரு விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தய மைதானத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர் ஊரிலும் கதை கொட்டகையில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்ற இளைஞர், 1948-இல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காடியைப் பிரித்துத் தன் முதல் காடியைச் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் லோட்டஸ் நிறுவனம். 1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவன் காடியை உதிரிச் சாமான்களாகவே பெட்டியில் விற்றார்கள். முழுக் காடி என்றால் வரி உண்டு, சாமானாக வாங்கினால் அந்த வரி இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தாலும் வரி வரும் என்பதால், "கழற்றும் முறை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொள்ளச் சொன்னார்களாம்! இந்தக் கதையைக் கேட்டு என் மாணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதே லோட்டஸின் பெரும்பங்கை 1996-இல் நம் புரோட்டோன் நிறுவனமே வாங்கி, 2017 வரை வைத்திருந்தது என்றதும், எழுந்துபோய் அந்தச் சாகா இஞ்சினை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தான்.

சரி, புகை வீட்டுக்கு வருவோம்.

ஏன் சாகா இஞ்சின்? நம் ஊரில் ஹாஃப் கட் கடைகளில் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த காடிகள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விதவிதமான நல்ல இஞ்சின்கள் கிடைக்கும். ஆனால் இந்தக் காலத்து இஞ்சின்களுக்கு ஒரு மூளைப் பெட்டி உண்டு. அது ஒரு டஜன் உணர்கருவிகளைக் கேட்டுத்தான் பெட்ரோல் விடும், நெருப்புப் பொறி விடும். அந்தப் பெட்டியும் அதன் முழு வயர்க் கட்டும் சாவியும் சேர்ந்து வராவிட்டால், நீங்கள் வாங்கியது இஞ்சின் அல்ல, வெறும் இரும்பு. சில கடைக்காரர்கள் வயரை இடையில் கத்தரித்துவிட்டு, "ஒட்டிக்கலாம், ஒட்டிக்கலாம்" என்பார்கள். அறுபது வயரை எதோடு எதை ஒட்டுவது? பழைய கார்புரேட்டர் சாகாவுக்கு அந்த மூளை கிடையாது. 1,298 சிசி இஞ்சின், பத்துப் பன்னிரண்டு வயர் கொடுத்தால் ஓடிவிடும்.

அந்தப் பத்துப் பன்னிரண்டையாவது அவன் அடையாளம் வைத்துத்தான் கழற்றினான். பழைய சாகா ஒரு மரத்தடியில் கிடந்ததை வாங்கி, இஞ்சினைத் தூக்கும் முன் ஒவ்வொரு வயரிலும் வெள்ளை ஒட்டுத்தாளைச் சுற்றி, "பேட்டரி", "காயில்", "தண்ணீர்ச் சூடு", "எண்ணெய் அழுத்தம்" என்று தமிழில் எழுதியிருந்தான். சாவி வாய், பியூஸ் பெட்டி எல்லாவற்றையும் வயரோடு சேர்த்தே எடுத்திருந்தான். இதை மட்டும் செய்யாதிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. ஆனால் இரண்டு தாள்கள் எண்ணெய் பட்டு உரிந்து விழுந்துவிட்டன. அந்த இரண்டுதான் பிறகு எங்கள் உயிரை வாங்கின.

இஞ்சின் ஓட என்னென்ன வயர் வேண்டும் என்று கேட்டால் பலர் மலைத்துப் போவார்கள். கூட்டிக் கழித்தால் அவ்வளவு இல்லை. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு விரல் தடிமனில் ஒரு கேபிள். சாவியைக் கடைசி வரை திருப்பும்போது அந்த ஸ்டார்ட்டரைத் தட்டி எழுப்ப ஒரு சிறு வயர். சாவி ஓடும் நிலையில் இருக்கும் வரை காயிலுக்கு மின்சாரம் கொடுக்க ஒன்று. அந்த 12 வோல்ட்டைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக்கிப் பொறியாக அனுப்புகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் சின்ன வால்வு ஒன்றுண்டு. அதற்கு ஒரு வயர் கொடுக்காவிட்டால் இஞ்சின் மெதுவாக ஓடும்போது அணைந்து அணைந்து போகும். பிறகு ஆல்டர்னேட்டர், எண்ணெய் அழுத்த விளக்கு, தண்ணீர்ச் சூட்டு முள், ரேடியேட்டர் காற்றாடி. அவ்வளவுதான்.

ஆனால் வயரின் தடிமனில்தான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். தீபாவளிக்கு லயத்தில் ஒரே பிளக்கிலிருந்து நாலு வீட்டுக்கு அலங்கார விளக்கு இழுப்போமே, அந்த வயரைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காடியிலும் அப்படித்தான். முன் விளக்கு 60 வாட் இரண்டு என்றால் 120 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிந்த வகுத்தல். வீட்டு மின்சாரத்தில் அரை ஆம்பியர்தான் இழுக்கும் 120 வாட், காடியில் 10 ஆம்பியர் இழுக்கிறது. வோல்ட் குறைவு என்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பது தப்புக்கணக்கு. கையில் ஷாக் அடிக்காது, ஆனால் காடி எரியும்.

பியூஸ் எதற்கு? விளக்கைக் காப்பாற்ற என்பார்கள். இல்லை, அது வயரைக் காப்பாற்ற இருக்கிறது. ஆகவே வயர் தாங்குவதைவிடப் பெரிய பியூஸ் போட்டால் பியூஸ் பிழைக்கும், வயர் சாகும். பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி பியூஸுக்குப் பதில் வைக்கும் மேதாவிகள் எங்கள் தோட்டத்திலும் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய வேன் எரிந்த கரி இன்னும் கால்வாய் ஓரத்தில் கிடக்கிறது.

ரிலே என்றால் என்ன என்று என் மாணவனின் தாயார் கேட்டார். அவருக்குப் புரிகிற மாதிரி, "கங்காணி மாதிரி அக்கா" என்றேன். துரை நேரே வந்து நூறு பேரை வேலைக்கு விரட்டுவதில்லை. கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்வார், கங்காணி மற்றதைப் பார்த்துக்கொள்வார். முன்னால் இருக்கும் சின்ன சுவிட்ச் ரிலேக்குச் சிறிது மின்சாரம் அனுப்புகிறது. ரிலேக்குள் இருக்கும் சின்னக் காந்தம் பெரிய கதவைத் திறந்துவிடுகிறது. 85, 86 என்று எண் போட்ட கால்கள் காந்தத்துக்கு. 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 விளக்குக்குப் போவது. "அப்போ கங்காணிக்குச் சம்பளம் கம்மிதானா?" என்றார் அந்த அம்மா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

எல்லா வயரும் பூட்டியாயிற்று. சாவியைத் திருப்பினான். இஞ்சின், "ங்ங்" என்று ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. மறுபடியும் அதே முனகல். பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து, என் காடியின் பேட்டரியைக் கழற்றி மாட்டினோம். அதே முனகல்தான். "நீங்க சாவியைப் பிடிங்க சார், நான் பின்னால பார்க்கிறேன்" என்றான். நானும் வீரமாக உட்கார்ந்து, விடாமல் திருப்பிப் பிடித்தேன். ஐந்து வினாடி, பத்து வினாடி. என் வலது கால் பக்கத்திலிருந்து புகை. எண்ணெய் மிதியிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய கேபிளின் உறை உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த கம்பி அடுப்புக்கரி போலச் சிவந்திருந்தது. அந்தக் கம்பியின் மறுமுனை இருப்பது கார்புரேட்டரில். கார்புரேட்டருக்குள் பெட்ரோல்.

பேட்டரியின் கறுப்பு முனையை அவன் ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்தான். அந்த முனையை இறுக்காமல் கையால் மட்டும் மாட்டிவைத்திருந்தான். பட்டறையில் அவனுக்கு முதன்முதலில் வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர், புதிதாக வயர் போட்ட காடியை முதல் தடவை தட்டும்போது அப்படித்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். இறுக்கி முறுக்கியிருந்தால் ஸ்பேனர் தேடுவதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

தாயார் வந்து அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, நீங்களுமா?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தௌக்கேக்கு ஆள் அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தடிமனான கேபிள் இருக்கும்போது, மின்சாரத்துடன் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பி ஏன் சிவக்க வேண்டும்? திங்கட்கிழமைக்கு நான்காம் ஆண்டு அறிவியல் பாடம் தயார் செய்துகொண்டிருந்தேன். மின்சுற்று. ஒரு பேட்டரி, ஒரு பல்பு, இரண்டு வயர். போகிற வழி ஒன்று, திரும்பி வருகிற வழி ஒன்று. எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் வரைகிற படம். அப்போதுதான் உறைத்தது. போகிற வழிக்கு விரல் தடிமனில் கேபிள் போட்டோம். திரும்பி வருகிற வழி?

பேட்டரியின் கறுப்பு முனை சட்டத்தில் பூட்டியிருந்தது. இஞ்சினோ ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதிர்வு தெரியாமலிருக்க. ரப்பர் மின்சாரத்தை விடாது. மூன்று தலைமுறையாக அதைச் சீவியவர்கள் நாம், நமக்கு இது தெரியாதா? சட்டத்துக்கோ அவன் மூன்று கோட் பெயிண்ட் அடித்திருந்தான். கம்பெனிக் காடியில் இஞ்சினிலிருந்து உடம்புக்கு ஒரு பின்னல் பட்டை போயிருக்கும். கழற்றும்போது அதை வெறும் பழைய பட்டை என்று மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனையும் பேட்டரிக்குத் திரும்ப வழி தேடி, கிடைத்த ஒரே இரும்பு வழியில் நுழைந்துவிட்டது. அதுதான் எண்ணெய் மிதிக் கம்பி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓடினேன். அவன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு பழைய லாரியிலிருந்து பின்னல் பட்டை ஒன்றை ஐந்து வெள்ளிக்கு வாங்கிவந்தான். சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பூட்டி, துரு ஏறாமல் மேலே கிரீஸ் தடவினான். வோல்ட் மீட்டரின் ஒரு முனையை இஞ்சினிலும் மறுமுனையை பேட்டரியின் கறுப்பு முனையிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பி வருகிற வழி சரியில்லை என்று அர்த்தம். முள் அசைந்தும் அசையாமலும் நின்றது. இஞ்சின் கரகரவென்று சுற்றியது.

சுற்றியது, பற்றியது, சாவியை விட்டதும் நின்றது! சுற்றும்போது பற்றுகிறது, கையை எடுத்தால் செத்துப்போகிறது. நாலு நாள் இதோடு போராடினான். கடைசியில், தாள் உரிந்த அந்த இரண்டு வயர்கள்தான் குற்றவாளி. காயிலுக்குப் போகும் வயரை, சாவியின் ஓடும் நிலையில் பூட்டாமல், ஸ்டார்ட் நிலையில் மட்டும் உயிர் பெறும் முனையில் பூட்டிவிட்டான். இடம் மாற்றினான். பிறகு நிற்கவில்லை. அந்தச் சத்தம் லயத்துக் கடைசி வீடு வரை கேட்டது. அவன் தாயார் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை, ஆனால் புடைப்பதை நிறுத்திவிட்டார்.

சில்லறைத் தொல்லைகள் இன்னும் இருந்தன. பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை. ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தோம். கெடவில்லை. முன்பலகையில் சின்னச் சிவப்பு விளக்கு எரியுமே, அதை வெறும் எச்சரிக்கை என்று நினைத்து அவன் பூட்டாமல் விட்டிருந்தான். அந்த விளக்கு வழியாகப் போகும் துளி மின்சாரம்தான் பல பழைய ஆல்டர்னேட்டர்களைத் தட்டி எழுப்புகிறது. பல்பைப் பூட்டியதும் பேட்டரியில் 14 வோல்ட் வந்தது. பின் விளக்குகளோ வேறு கூத்து அடித்தன. வலது சிக்னல் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து மங்கலாகக் கண் சிமிட்டியது. பின்பக்க உடம்பு பைபர். இரும்பு உடம்பு திரும்பும் வழியாக இருக்கும், பைபர் இருக்காது. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாகக் கறுப்பு வயர் இழுத்துச் சட்டத்தில் கட்டிய பிறகுதான் அடங்கியது. வயர் நுழையும் ஓட்டைகளுக்கெல்லாம் ரப்பர் வளையம் மாட்டினான். இல்லாவிட்டால் ஓட ஓட இரும்பு விளிம்பு வயரின் தோலை அறுத்துவிடும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே காடி செய்து தெருவில் ஓட்டக் கிளம்பிவிடாதீர்கள். கம்பெனிக் காடியில் வேறு இஞ்சின் மாற்றினாலே சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும், சோதனை வேண்டும், கிராண்டில் இஞ்சின் நம்பர் ஏற வேண்டும். கையால் செய்த காடி என்றால் கேட்கவே வேண்டாம். நம்பர் இல்லாமல், காப்புறுதி இல்லாமல் பொதுச் சாலைக்கு வந்தால் காடியும் போகும், பிள்ளையின் பெயரும் கெடும். அவனுக்கும் இது தெரியும். தோட்டத்து மண் பாதையில் ஓட்டிப் பார்க்க மட்டும் நிர்வாகத்திடம் வாய்மொழி அனுமதி வாங்கியிருந்தான்.

மாதக் கடைசி நாள் சனிக்கிழமையாக வந்தது. தௌக்கே லாரியோடு வந்துவிட்டார். சொன்ன சொல் தவறாத மனிதர், நானூறு வெள்ளியைக் கையிலேயே வைத்திருந்தார். பட்டறை முதலாளி தன் பின்கட்டில் ஓர் இடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார், காடி தானாக ஓடினால் மட்டும். தள்ளிக்கொண்டு வரும் சாமானுக்கு அங்கே இடமில்லை.

புகை வீட்டுக் கதவுகள் இரண்டையும் திறந்து வைத்தோம். பையன் உட்கார்ந்தான். இந்த முறை சாவி அவன் கையில்தான். ஒரே தட்டில் பற்றியது. முதல் கியரில் அது வெளியே வந்தபோது சின்னப் பிள்ளைகள் கத்திய கத்தல் சொல்லி முடியாது. செம்மண் பாதையில் பழைய நிறுவைக் கொட்டகை வரை போய், திரும்பி வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தே இருந்தது. தௌக்கே நானூறு வெள்ளியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காடியைப் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டுபோய் இறக்க அறுபது வெள்ளி வாடகை கேட்டார். ஐம்பதுக்குப் பேசி முடித்தோம். பலகை சாய்த்ததும் காடி தன் சொந்தக் காலில் லாரி மேல் ஏறி நின்றது.

தாயார் அதுவரை தள்ளியே நின்றவர், பக்கத்தில் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, "ஏண்டா, இதுக்கு ஹார்ன் எங்கே?" என்றார்.

"இன்னும் வயர் இழுக்கலம்மா" என்றான்.